விதைக்கிழங்கு காத்த வரலாறு

மனிதன் துணையின்றிப் பரவும் செடிகள் பல. ஆலும் அரசும் பறவையின் எச்சத்தால் முளைக்கின்றன. எருக்கின் வித்து காற்றில் பறந்து சென்று வேர்கொள்கிறது. இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் அவ்வாற்றல் இல்லை. இஞ்சி பூத்தாலும் வித்துத் தருவதில்லை. நாம் வளர்க்கும் மஞ்சளும் வித்தால் பெருகுவதன்று. முளையுள்ள கிழங்குத் துண்டை ஊன்றினால்தான் மறுபயிர் உண்டு. ஆகவே, உலகில் எங்கே இஞ்சிச்செடி நின்றாலும், அது யாரோ ஒருவர் கையால் கொண்டு சென்ற கிழங்கின் வழிவந்ததே. இவற்றின் வரலாறு, அவ்வந்நாட்டுத் தட்பவெப்பத்தில் மக்கள் விதைக்கிழங்கைக் காத்த வரலாறேயாகும்.

தமிழகத்தில் இவை பழமையான பயிர்கள். மதுரைக்காஞ்சி இவ்விரண்டையும் மலைநில விளைபொருள்களாகக் கூறுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரோ பட்டினப்பாலையில், தெங்கு, வாழை, கமுகு, சேம்பு முதலியவற்றோடு மஞ்சளையும் இஞ்சியையும் மருதநிலத்து மனைகளைச் சூழக் காட்டுகிறார். அங்கு வைகாசி, ஆனியில் நட்ட மஞ்சள் தை, மாசியில் இலை காய்ந்து அறுவடைக்கு வரும். அதன்பின் வருவது கடுங்கோடை. ஆதலின் உழவர் விதைக்கிழங்கை நிழலில் குவித்து, மஞ்சள் இலையாலும் வைக்கோலாலும் மூடிக் காத்தனர். அங்கே பகை வெயில்.

சீனத்தின் வடபகுதியில் பகை குளிர். கன்பூசியசு (கி.மு. 551–479) தம் உணவில் இஞ்சியை விலக்கியதில்லை என்று லுன்யூ என்னும் நூல் குறிக்கின்றது. அவர் பிறந்த லூ நாடு இன்றைய சாண்டோங் மாநிலத்தில் உள்ளது. அங்கே உறைபனி விழும். ஏறத்தாழ 12 பாகை செல்சியசுக்குக் கீழே நெடுநாள் கிடந்தால் இஞ்சிக் கிழங்கு கெட்டுவிடும். எனவே அம்மாநிலத்து உழவர் வேனிற்காலத் தொடக்கத்தில் நட்டு, பனி விழுமுன் தோண்டி எடுத்து, கிணறு போன்ற ஆழ்குழிகளில் கிழங்கை வைத்துக் குளிர்காலத்தைக் கடத்துகின்றனர்.

உரோமர்க்கு இஞ்சியின் சுவை கிட்டியது; பெயரும் கிட்டியது. கிரேக்கரின் 'சிங்கிபெரிசு' என்னும் சொல்லுக்குத் திராவிட மொழிகளின் 'இஞ்சிவேர்' என்பதே மூலம் என்பது மொழிநூலார் பலரின் கருத்து. ஆனால் அவர்கள் நாட்டிற்குப் பெரிதும் சென்றது சுக்கு, சுக்கு முளைக்காது. செடியைக் காணாமையால், அது மிளகுச்செடியின் வேர் என்று எண்ணியோரும் அங்கு இருந்தனர். கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி அதனை மறுத்து எழுத வேண்டியதாயிற்று. வாணிகம் பொருளைக் கொண்டு செல்லும். உயிருள்ள முளையைக் கொண்டு செல்வோர் குடிபெயரும் மக்களே.

இதற்குப் பசிபிக் பெருங்கடல் சான்று பகர்கிறது. 1778இல் குக் தலைவர் ஹவாய்த் தீவுகளை அடையுமுன்பே அங்கு மஞ்சள் விளைந்தது. அத்தீவின் முன்னோர் அதனைத் தோணியில் கொண்டு வந்தனர். 'ஓலேனா' என்று பெயரும் இட்டனர். எதிர்த்திசையில், மடகாசுகர் மக்கள் மஞ்சளைத் 'தமோதமோ' என்பர். மலாய் மொழியின் 'தெமு லாவாக்', 'தெமு குஞ்சி' என்னும் கிழங்குப் பெயர்களை அறிந்த நமக்கு அவ்வுறவு எளிதில் விளங்கும். பதினான்காம் நூற்றாண்டில் கோழிக்கோட்டில் சீனக் கப்பல்களைக் கண்ட இபின் பதூதா, மாலுமிகள் மரத்தொட்டிகளில் கீரையும் இஞ்சியும் வளர்த்ததை எழுதியுள்ளார்.

நம் மலையகத்திலும் சிங்கையிலும் உறைபனியில்லை, நெடுங்கோடையும் இல்லை. பகை தேங்கும் நீரொன்றே. வடிகால் இருந்தால் கிழங்கு மண்ணிலேயே தங்கி மீண்டும் தளிர்க்கும். பெந்தோங் மலைச்சரிவுகளில் இஞ்சி பெயர் பெற்றதற்கு நீர் வடியும் நிலமும் ஒரு காரணம். லயத்து வீட்டுப் புழைக்கடையில் நம்மவர் வைத்த மஞ்சளும் இவ்வாறே ஆண்டுதோறும் தழைத்துப் பொங்கற்பானைக்குக் கொத்து ஈந்தது. பின்னர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் பெயர்ந்தனர், மஞ்சள் தானாகப் பெயர்ந்து வரவில்லை. இன்று தைப்பொங்கலுக்கு மஞ்சட்கொத்தைக் கடையில் வாங்குவோரே மிகுதி.

வித்தில்லாப் பயிரின் வழி, காப்பார் இல்லையேல் ஒரே தலைமுறையில் அறும். அடுக்குமாடியில் இடமில்லை என்பது தக்க விடையன்று. அலைகடலில் ஒரு மரத்தொட்டி போதுமானதாக இருந்ததன்றோ? அடியில் துளையுள்ள அகன்ற தொட்டியில், முளை தெரியும் கிழங்கை இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றினால் போதும். இங்கே பருவம் நமக்காக நாள் குறிப்பதில்லை; எட்டு மாதத்தைப் பின்னோக்கி எண்ணி வைகாசியில் நட்டால், தையில் பச்சைக்கொத்து கிட்டும். ஆசிரியர்கள் பள்ளித் தோட்டத்தில் ஒரு பாத்தி ஒதுக்கி, அறுவடையன்று மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு விதைக்கிழங்கைத் தருவாராயின், இவ்வரலாறு அவர்கள் வீட்டிலும் தொடரும்.