பட்டியும் பாசறையும்

தருமபுரிக்கும் பென்னாகரத்துக்கும் இடையே அமைந்துள்ள இண்டூரின் மேற்குத் திசையில், காவிரிக் கரை வரை குன்றும் காடுமாக நிலம் விரிந்து கிடக்கிறது. கூடாரம், முதுகுப்பை, சீருடை ஆகியவற்றுடன் பள்ளி மாணவர் மலையேறி ஓர் இரவு தங்கிவரும் சாரணர் வழக்கம் இந்த நாட்டுக்கு வந்து நூறாண்டுக்குச் சற்றே மேலாகிறது. ஆனால் மலையில் இரவைக் கழிக்கும் கலை இங்கு மிகப் பழையது. ஒகேனக்கல்லை ஒட்டிய ஆலம்பாடியின் பெயரைத் தாங்கிய மாட்டினத்தை வளர்த்தவர்கள், மேய்ச்சல் தேடிக் காட்டுக்குள் சென்று, முள்ளை வெட்டி வட்டமாக அடைத்த ‘பட்டி’ எனப்படும் தொழுவத்தில் மாடுகளை அடைத்து, அதன் வாயிலில் நெருப்பு மூட்டி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு முறைவைத்துக் காவலிருந்தனர். தகடூர் (தருமபுரியின் பழைய பெயர்) நாட்டில் ஏராளமாகக் கிடைக்கும் நடுகற்கள், அதாவது போரில் மாண்ட வீரருக்கு எடுத்த நினைவுக் கற்கள், பலவும் ஆநிரையைக் கவர்வதிலும் மீட்பதிலும் உயிர்விட்டவர்களுக்கு உரியவை என்பதை எண்ணும்போது, அந்தக் காவலின் அருமை விளங்கும்.

‘சாரணர்’ என்ற சொல்லுக்கும் நீண்ட வரலாறு உண்டு. இயங்குதல், திரிதல் என்னும் பொருள்படும் வடமொழி வேரிலிருந்து வந்த இச்சொல், பழைய தமிழில் ஒற்றரையும், வான்வழியே செல்ல வல்லவராகக் கருதப்பட்ட சமண முனிவரையும் குறித்தது. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் சமணத் துறவி கவுந்தியடிகளின் முன் தோன்றுபவர் இத்தகைய சாரணரே ஆவர். ஒன்பதாம் நூற்றாண்டில் சமணப் பள்ளி விளங்கிய தகடூருக்கு, ஆகவே, இச்சொல் இருபதாம் நூற்றாண்டில் புதிதாக வந்தது அன்று. வேவு பார்ப்போன், ஓரிடத்தில் நில்லாது நடப்போன் என்னும் இரண்டு பொருளும் புதிய இயக்கத்துக்குப் பொருந்தியதால், இதைவிடச் சிறந்த பெயர் அதற்குக் கிடைத்திருக்க முடியாது.

அவ்வியக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல், படைவீரருக்காக 1899இல் வேவுப் பயிற்சி நூல் ஒன்றை வெளியிட்ட ஆங்கிலப் படை அதிகாரி. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் சுமார் இருபது சிறுவருடன் அவர் நடத்திய பாசறையே உலகச் சாரணர் பாசறைகளுக்கெல்லாம் முன்மாதிரி. 1909இல் பெங்களூரில் இந்தியாவின் முதல் சாரணர் படை அமைந்தது. எனினும் அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இந்த மண்ணில் பிறந்த சிறுவர் தம் மலையிலேயே சாரணராக நடக்க இயலவில்லை. இத்தடையை ஏற்காத பிரம்மஞான சபைத் தலைவர் அன்னி பெசன்ட், தம் உடனுழைப்பாளர் அருண்டேலின் துணையுடன் 1916இல் சென்னையில் இந்தியச் சிறுவருக்கெனத் தனிச் சங்கம் நிறுவி, தலைப்பாகையையும் இந்தியப் பாடல்களையும் அதற்குரியவை ஆக்கினார். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது இச்சங்கம் தாய்ச் சங்கத்துடன் இணைந்தது. பின்னரும் பிளவுகள் நேர்ந்து, விடுதலைக்குப் பின் 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் இயக்கம் உருவாகி, மறு ஆண்டு சாரணியரும் அதில் சேர்ந்தனர். பாசறை நெருப்பைச் சுற்றித் தமிழ்ப் பாட்டு ஒலிப்பதற்குச் சென்னையில் நிகழ்ந்த அந்த மறுப்பே வழிவகுத்தது என்று துணிந்து கூறலாம்.

மலைநடைக்குக் குளிர்காலத்தைத் தேர்வதற்கு இப்பகுதியில் தக்க காரணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த மார்கழியில் ஓடைகளில் நீர் எஞ்சியிருக்கும். புல் இன்னும் காய்ந்திராது. அரையாண்டு விடுமுறையும் அப்போதுதான் வரும். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட ‘அணி’யாகச் செல்லும் சாரணர், முன்னே போனவர் தரையில் கல்லாலும் குச்சியாலும் இட்டுச்சென்ற அம்புக்குறியைப் பார்த்து வழியறிவர். சுமார் ஐந்தரை அடி நீளமுள்ள சாரணர் கோலில் அடியும் அங்குலமும் குறிக்கப்பட்டிருக்கும். அதே கோல் ஓடையின் ஆழம் பார்க்கவும், இரண்டு சேர்ந்தால் அடிபட்டவரைத் தூக்கிச்செல்லவும் உதவும். கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃப், கை முறிந்தால் அதைத் தாங்கும் தூளியாகும்.

இரவில் முதலில் கற்கும் பாடம், குளிர் மேலிருந்து மட்டுமன்று, கீழிருந்தும் ஏறுகிறது என்பது. மேலே இரண்டு போர்வை போர்த்தியவன் வெறுந்தரையில் நடுங்க, ஒரே போர்வையுடன் அடியில் உலர்ந்த வைக்கோலைக் கனமாகப் பரப்பியவன் உறங்குகிறான். உடலின் வெப்பத்தை மண் ஓயாது இழுத்துக்கொள்வதே இதற்குக் காரணம். குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் தேங்குவதால், கூடாரத்தைப் பள்ளத்தில் அடிக்காமல் சற்றே மேட்டில் அடிக்க வேண்டும். பட்டி காத்தவர் இவற்றை எந்தச் சாரணர் சின்னமும் பெறாமலே அறிந்திருந்தனர்.

அவர்களைப் போல விரும்பிய இடத்தில் தங்கித் தீ மூட்ட இன்று இயலாது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடுகளாக வரையறுத்து, நுழைவதையும் தீ மூட்டுவதையும் கட்டுப்படுத்தியது; 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறியவர்களின் உயிரைக் குடித்த பின், மலையேற்றத்துக்கான விதிகள் மேலும் இறுகின. இண்டூருக்கு மேற்கேயுள்ள காடுகள் யானைகளின் வாழிடமும் ஆதலால், இக்கட்டுப்பாடு வேண்டியதே. அனுமதி உள்ள இடத்தில் மட்டும் தங்கும் பாசறைகளில், மாலையில் புல்லோடு சேர்த்து மண்ணைக் கட்டிகளாக வெட்டியெடுத்து, நிழலில் நீர் தெளித்து வைத்து, அந்தக் குழியிலேயே நெருப்பு மூட்டப்படுகிறது. விடிந்ததும் சாம்பலில் நீரூற்றி, வெறுங்கையை வைத்துச் சூடு அடங்கிவிட்டதை உறுதிசெய்த பின்னரே, அணித் தலைவன் அக்கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, புல் மேலே இருக்குமாறு குழியின்மேல் பதித்து, காலால் மெல்ல அழுத்துகிறான்.