ஒற்றைக் கண்ணும் சுசீந்திரம் பிரகாரமும்

நான்கு வருடத்துக்கு முன் கிளாக்கோமாவில் என் இடது கண் பார்வை போயிற்று. அதன்பின் சாயா ஊற்றினால் டம்ளருக்கு வெளியே விழும். படி இறங்கப் பயம். "பாட்டா, நீங்க அசையாம இருங்க, நான் எடுத்துத் தாறேன்" என்பான் பேரன். நானும் நாற்காலியே கதி என்று இருந்துவிட்டேன்.

ஒருநாள் வீட்டார் சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். பிரகாரத்தில் நின்று பார்த்தால், பாவை விளக்குத் தூண்களெல்லாம் ஒரே சுவரில் வரைந்த படம்போல் இருந்தன. மெல்ல நடந்தேன். பக்கத்துத் தூண் வேகமாகப் பின்னால் போனது. தூரத்துத் தூண் நிதானமாக நகர்ந்தது. எது கிட்டே, எது எட்டே என்று விளங்கிவிட்டது!

19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை எழுதியிருக்கிறார். அடர்ந்த காட்டில் அசையாமல் நின்றால் கிளையும் இலையும் ஒரே குழப்பம். ஓரடி நகர்ந்தால் எல்லாம் தனித்தனியே பிரிந்து தெரியும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வகுப்பில் கேட்ட கோந்தியாக் நினைவுக்கு வந்தார். 1754இல் வந்த நூலில் அவர் ஒரு சிலையைக் கற்பனை செய்து, அதற்குப் புலன்களை ஒவ்வொன்றாகத் தருகிறார். தூரத்தை அறியக் கண் மட்டும் போதாது. நகர்ந்து தொடும் கைதான் கண்ணுக்கு ஆசான் என்கிறார். பின்னர் வந்த கணித மேதை புவாங்கரே, அசையவே அசையாத உயிருக்கு வெளி என்ற எண்ணமே உண்டாகாது என்றார்.

1963இல் அமெரிக்காவில் ஹெல்டும் ஹைனும் இதைச் சோதித்தார்கள். இருட்டில் வளர்ந்த பூனைக்குட்டிகளை இரண்டிரண்டாக ஒரு ராட்டினத்தில் கட்டினார்கள். ஒன்று நடந்து இழுத்தது. மற்றது தொட்டிலில் உட்கார்ந்தே சுற்றியது. இரண்டும் கண்டது ஒரே காட்சிதான். ஆனால் நடந்த குட்டி பள்ளத்தைக் கண்டு ஒதுங்கியது. உட்கார்ந்த குட்டிக்குப் பள்ளம் தெரியவில்லை. வெளிச்சத்தில் தன் காலால் நடமாட விட்டபின் அதுவும் சரியாயிற்று.

அந்தத் தொட்டில் குட்டியின் கதை என்னை உறுத்தியது. இப்போது படி இறங்குமுன் தலையை இருபுறமும் லேசாக அசைத்துப் பார்த்துக்கொள்கிறேன். போன கண் திரும்பவில்லை. ஆனால் சாயா டம்ளருக்குள்ளேயே விழுகிறது. பேரனிடம் சொல்லிவிட்டேன்: "மக்களே, கூட வா, தூக்காதே."