கருந்துளை எலக்ட்ரான் கருதுகோள்

எலக்ட்ரான் போன்ற அடிப்படைத் துகள்கள் மிக நுண்ணிய கருந்துளைகளே என்றோ, கருந்துளைகளை விவரிக்கும் சமன்பாடுகளுக்குள் அடங்கும் காலவெளி வடிவங்கள் என்றோ கொள்ளும் இயற்பியல் கருதுகோள். இதை ஒருவர் மட்டும் வகுக்கவில்லை. 1935 முதல் பல நாட்டு அறிஞர்கள் வெவ்வேறு வழிகளில் இதை வந்தடைந்தனர். பொதுச் சார்பியலின்படி ஒரு கருந்துளையை அறிய அதன் நிறை, மின்னூட்டம், கோண உந்தம் ஆகிய மூன்றும் போதும். இம்மூன்றும் ஒன்றாயிருக்கும் இரு கருந்துளைகளைப் பிரித்தறிய இயலாது. இரண்டு எலக்ட்ரான்களையும் அவ்வாறே பிரித்தறிய இயலாது. இந்த ஒற்றுமையே கருதுகோளுக்கு அடித்தளம்.

தோற்றம்

ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும் பிரின்ஸ்டனில் இருந்தபோது 1935 ஜூலையில் 'பிசிக்கல் ரிவ்யூ' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பொதுச் சார்பியலில் துகளுக்கு என்ன இடம் என்பதே அதன் பொருள். குவாண்டம் பிணைப்பைப் பற்றி ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அதே இதழில் இரண்டு மாதம் முன்புதான் வந்திருந்தது.

பருப்பொருளைத் தனியாகவும் அதன் புலத்தைத் தனியாகவும் வைப்பது ஐன்ஸ்டைனுக்கு உவப்பாக இல்லை. புலச் சமன்பாடுகளில் அளவுகள் முடிவிலியாகும் வழுப்புள்ளி எங்கும் வரக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1916-இல் கார்ல் சுவார்ட்சைல்டு கண்ட தீர்வில் நடுவே அத்தகைய புள்ளி ஒன்று உண்டு. ஐன்ஸ்டைனும் ரோசனும் ஆயத்தொலைவுகளை மாற்றி அந்த உட்பகுதியையே நீக்கினர். எஞ்சியவை ஒரே அமைப்புடைய இரண்டு வெளித்தாள்களும் அவற்றை இணைக்கும் குறுகிய பாலமும். அந்தப் பாலத்தையே துகள் என்றனர். மின்னூட்டமற்ற பாலத்தின் நிறை எதிர்க்குறி பெற முடியாது. எதிர்நிறைத் துகள் இயற்கையில் காணப்படாததற்கு இதுவே விளக்கம் என்றும் கூறினர்.

மின்னூட்டமுள்ள துகளில் சிக்கல் எழுந்தது. மின்காந்த ஆற்றலின் குறியைத் தலைகீழாக்கினால்தான் பாலம் கிட்டியது; அதற்கும் நிறை இல்லாமல் போயிற்று. ஆகவே எலக்ட்ரானை இரண்டு பாலங்களின் சேர்க்கையாகக் கருதவேண்டும் என்று முடித்தனர். அக்கணக்கு தீர்க்கப்படவே இல்லை. 'கருந்துளை' என்ற சொல்லே வழக்கில் இல்லாத காலத்தில் இவ்வளவு தூரம் சென்றது ஐன்ஸ்டைனின் பிற்கால முயற்சிகளில் மிகத் துணிவானது எனலாம். 1950-களில் ஜான் வீலர் இதை மீண்டும் கையிலெடுத்தார். மின்விசைக் கோடுகள் பாலத்தின் ஒரு வாய்வழி நுழைந்து மற்றொரு வாய்வழி வெளிவந்தால், அங்கே மின்னூட்டம் என்று தனிப்பொருள் எதுவும் இல்லாமலே மின்னூட்டம் இருப்பதாகத் தோன்றும் என்று அவர் காட்டினார். ஆயினும், இப்பாலம் ஒளி கடப்பதற்குள் அறுந்துவிடும் என்பதை 1962-இல் ராபர்ட் ஃபுல்லருடன் சேர்ந்து நிறுவியவரும் அவரே.

கெர்–நியூமன் தீர்வு

சுழலும் நிறைக்கான தீர்வை நியூசிலாந்தின் ராய் கெர் 1963-இல் கண்டார். எஸ்ரா நியூமனும் உடன் பணியாற்றியோரும் 1965-இல் அதில் மின்னூட்டத்தைச் சேர்த்தனர். பிராண்டன் கார்ட்டர் 1968-இல் இத்தீர்வை ஆராய்ந்தபோது அதன் கைரோகாந்த விகிதம் (காந்தத் திருப்புத்திறனைக் கோண உந்தத்தோடு ஒப்பிடும் எண்) 2 என்று வந்தது. மின்னூட்டமும் நிறையும் ஒரே சீராகப் பரவிய சாதாரணச் சுழல்பொருளுக்கு இவ்விகிதம் 1 மட்டுமே. எலக்ட்ரானுக்கு 2 என்று டிராக் 1928-இல் குவாண்டம் சமன்பாட்டிலிருந்து பெற்றார். அளவீடு தருவது ஏறத்தாழ 2.0023. கார்ட்டரின் கணக்கிலோ குவாண்டம் விதி எதுவுமே இல்லை. இக்கருதுகோளின் மிக வலுவான சான்று இதுதான். தற்செயல் என்று ஒதுக்கத்தக்கதன்று.

வானியற்பியலாளர் சந்திரசேகர் 1976-இல் மறுபக்கத்திலிருந்து வந்தார்: கெர் கருந்துளையின் அருகே இயங்கும் எலக்ட்ரானுக்குரிய டிராக் சமன்பாட்டை மாறிகளைப் பிரித்துத் தீர்த்துக் காட்டினார்.

அளவுகள்

எலக்ட்ரானின் நிறை 9.1 × 10⁻³¹ கிலோகிராம். அந்நிறைக்குரிய சுவார்ட்சைல்டு ஆரம் 1.35 × 10⁻⁵⁷ மீட்டர். பிளாங்க் நீளமான 1.6 × 10⁻³⁵ மீட்டரை விடப் பன்மடங்கு சிறியது. கெர்–நியூமன் தீர்வில் வழுப்புள்ளி ஒரு வளையமாகிறது; எலக்ட்ரானின் தற்சுழற்சியிலிருந்து பெறப்படும் அவ்வளையத்தின் ஆரம் 1.9 × 10⁻¹³ மீட்டர். சுழற்சி இவ்வளவு மிகுந்தால், ஒளியும் மீளமுடியாத நிகழ்வு எல்லை உருவாகாது. வளைய வடிவ வழுப்புள்ளி மறைப்பின்றி வெளியே தெரியும். ஆகவே கண்டிப்பான பொருளில் இது கருந்துளையே அன்று. மோதல் சோதனைகளிலோ எலக்ட்ரான் 10⁻¹⁸ மீட்டர் வரையிலும் புள்ளியாகவே நடந்துகொள்கிறது.

ஹாக்கிங் 1971-இல் 10⁻⁵ கிராம் முதல் தொடங்கும், மின்னூட்டம் தாங்கிய சிறு கருந்துளைகள் இருக்கக்கூடும் என்றார். எலக்ட்ரான் அந்த வரம்பைவிட ஏறத்தாழ 10²² மடங்கு இலேசானது. கருந்துளைகள் கதிர்வீசித் தேயும் என்று 1974-இல் அவரே காட்டியதன்படி இவ்வளவு இலேசான கருந்துளை நிலைத்திருக்கக்கூடாது. மின்னூட்டமுள்ள துகள்களில் எலக்ட்ரானே மிக இலேசானது, அது சிதைந்தால் மின்னூட்டத்தை ஏற்க வேறு துகள் இல்லை என்பது ஆதரவாளர் தரும் விடை.

காலம்

நிகழ்வு எல்லை இல்லாத கெர்–நியூமன் வடிவில் வளையத்தை ஊடுருவிச் சென்றால் மற்றொரு வெளித்தாள் வருகிறது. அங்கே கடந்த காலத்துக்கே திரும்பும் மூடிய பாதைகள் உண்டு. நிகழ்வு எல்லை இல்லாததால் எந்த நிகழ்விலிருந்தும் அவற்றை அடைய முடியும் என்று கார்ட்டர் காட்டினார். எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரான் என்பது காலத்தில் பின்னோக்கிச் செல்லும் எலக்ட்ரான் என்ற எண்ணத்தை வீலர் 1940-இல் தம் மாணவர் ஃபைன்மனிடம் தொலைபேசியில் சொன்னதும், அதை 1949-இல் ஃபைன்மன் தம் கோட்பாட்டில் பயன்படுத்தியதும் தனிக்கதை. பிற்காலத்தார் இரண்டையும் இணைத்து எழுதுவதுண்டு. வெர்னர் இஸ்ரேல் 1970-இல் வளையத்தை ஒரு தட்டால் அடைத்து இரண்டாம் தாளை நீக்கினார். காலச்சுழலும் அத்துடன் நீங்கியது. இம்மாதிரியை ரஷ்யாவின் அலெக்சாண்டர் புரின்ஸ்கி பல பத்தாண்டுகள் வளர்த்தார்.

இன்றைய நிலை

2013-இல் மால்டசீனாவும் சஸ்கிண்டும் 1935-இன் இரு கட்டுரைகளையும், அதாவது பாலத்தையும் குவாண்டம் பிணைப்பையும், ஒன்றாக்க முயன்றனர். 2019-இல் அர்கானி-ஹமீதும் உடன் பணியாற்றியோரும் கெர் கருந்துளையை ஓர் அடிப்படைத் துகளாகக் கொண்டு சிதறல் கணக்குகள் செய்யலாம் என்று காட்டினர். ஈர்ப்பலை ஆய்வில் அம்முறை இப்போது பயன்படுகிறது. எலக்ட்ரான் கருந்துளைதான் என்பதற்கு நேரடிச் சோதனைச் சான்று இதுவரை கிடைக்கவில்லை.