காறையென்பு: ஒரு பெயரின் வரலாறு

நெஞ்சென்பின் மேல்முனையிலிருந்து ஒவ்வொரு தோளுக்கும் செல்லும் நீண்ட என்புக்கு இலத்தீனில் 'கிளாவிக்குலா' என்று பெயர். 'கிளாவிஸ்' என்பது திறப்பு; 'கிளாவிக்குலா' சிறு திறப்பு. கிரேக்கரும் இந்த என்பைத் திறப்பின் பெயராலேயே 'கிளெயிஸ்' என்றனர். அவர்களது பழைய கதவுத் திறப்பு வளைந்த உலோகக் கம்பி. என்பும் 'எஸ்' எழுத்தைப்போல் இருமுறை வளைந்தது. கையை உயர்த்தும்போது இந்த என்பு தன் அச்சில் சுழல்வதால், பூட்டுக்குள் திரும்பும் திறப்பின் பெயரைப் பெற்றது என்ற விளக்கமும் உண்டு.

உரோமரிடையே 'கிளாவிக்குலா' என்ற சொல்லுக்கு வேறு பொருளும் இருந்தது. கொழுகொம்பைப் பற்றிப் படரும் திராட்சைக் கொடியின் பற்றுச்சுருளைச் சிசரோ இப்பெயரால் குறித்தார். முதலாம் நூற்றாண்டு மருத்துவ நூலாசிரியர் செல்சஸ் இந்த என்பை 'யுகுலும்' என்றே எழுதினார். 'கிளாவிக்குலா' உடற்கூற்றியலில் நிலைபெற்றது பிற்காலத்தில்தான்.

தமிழர் கழுத்தணியின் பெயரை இந்த என்புக்கு இட்டனர். காறை என்பது கழுத்தை ஒட்டி அணியும் வளைய அணி. அது படியும் இடத்து என்பு காறையெலும்பு. இது முறிந்தால் தோள் தாழும்; அடிபட்டவர் மறு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு வருவார். யாழ்ப்பாணத்து முறிவு நெரிவு வைத்தியர் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவந்த முறிவுகளில் இதுவும் ஒன்று.

அங்கு வைத்தியமும் தமிழ்ப் புலமையும் பிரியாதிருந்தன. விஷ வைத்திய நூலான 'அமுதாகரம்' பாடிய சுன்னாகம் வரத பண்டிதர், சிவராத்திரி புராணமும் கிள்ளைவிடு தூதும் இயற்றிய புலவர். இந்த மண்ணில்தான் மேலை உடற்கூற்றியலும் தமிழில் வேரூன்றியது. சுன்னாகத்துக்குத் தென்மேற்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள மானிப்பாயில் 1848 முதல் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1864இல் மருத்துவக் கல்வியைத் தமிழுக்கு மாற்றினார். தம் மாணாக்கரின் துணையுடன் கிரேயின் உடற்கூற்றியல் நூலைத் தமிழாக்கி, 'மனுஷ அங்காதிபாதம்' என 1872இல் வெளியிட்டார். இலத்தீன் பெயர்களால் நிறைந்த அத்துறையைத் தமிழால் முழுமையாகக் கற்பிக்க முடியும் என்பதை அந்நூல் நிறுவியது.

இன்று இலங்கைத் தமிழ் விஞ்ஞான நூல்களில் வழங்கும் பெயர் 'காறையென்பு'. 1978இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பாடமொழி ஆங்கிலம்; மாணவர்கள் 'கிளாவிக்கிள்' என்றே படிக்கின்றனர். பாடசாலையில் கழுத்தணியின் பெயரால் அறிந்த என்பைப் பல்கலைக்கழகத்தில் திறப்பின் பெயரால் கற்கின்றனர்.