தோள்பட்டை எலும்பு முறிஞ்சா ஆபரேஷன் கட்டாயமா? ஸ்லிங் மட்டும் போதுமா?

பைக் விபத்தில் விழுந்தவருக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, 'பின்பக்கத் தோள்பட்டை எலும்பு உடைஞ்சிருக்கு' என்கிறார் டாக்டர். ஆனால் மாவுக்கட்டும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. கையைக் கழுத்தில் தொங்கவிடும் ஸ்லிங் மட்டும்தான். "இது எப்படிங்க சேரும்?" என்று வீட்டில் பதறுவார்கள். சேரும்.

முதுகின் மேல்பக்கம் முக்கோணத் தட்டு போல இருப்பதுதான் இந்த ஸ்கேபுலா எலும்பு. சுற்றிலும் தசைகள் இறுக்கிப் பிடித்திருப்பதால், உடைந்தாலும் துண்டுகள் பெரும்பாலும் அதிகம் விலகாது. ரத்த ஓட்டமும் நன்றாக இருப்பதால் சுமார் 6 வாரத்தில் தானாகவே கூடிவிடும்.

முதலில் நெஞ்சைப் பாருங்க

மொத்த எலும்பு முறிவுகளில் இது 1 சதவிகிதம்கூட வராது. லேசான அடிக்கு உடையாத எலும்பு என்பதால், உடைந்திருந்தால் அடி பலம் என்று அர்த்தம். விலா எலும்பு, நுரையீரல், தலை என வேறு காயங்களும் இருக்கலாம். அதனால் நேராக எலும்பு வைத்தியசாலைக்குக் கட்டு போட ஓடுவது இந்த முறிவில் ரொம்பவே ஆபத்து.

யாருக்கு ஆபரேஷன்?

கை எலும்பின் தலை வந்து உட்காரும் கிண்ணம் ஸ்கேபுலாவின் ஓரத்தில் இருக்கிறது. உடைப்பு அந்தக் கிண்ணத்துக்குள் போய், 4-5 மி.மீ. அளவுக்கு மேடு பள்ளமானால் ஆபரேஷன் பேச்சு வரும். அப்படியே விட்டால் பின்னாளில் மூட்டு தேயும். கிண்ணத்தின் கழுத்துப்பகுதி ரொம்ப விலகினாலோ, கூடவே காறை எலும்பும் உடைந்து தோள் பிடிப்பில்லாமல் போனாலோ பிளேட், ஸ்குரூ வைக்க வேண்டி வரலாம். எக்ஸ்ரேயில் இதெல்லாம் சரியாகத் தெரியாது, சிடி ஸ்கேன் தேவை. எல்லா டாக்டர்களும் ஒரே அளவுகோல் வைப்பதில்லை. நோயாளியின் வயது, வேலையையும் பார்ப்பார்கள். இன்னொரு டாக்டரிடம் கேட்பதென்றால் சீக்கிரம் கேளுங்கள். 3 வாரம் தாண்டினால், கோணலாகக் கூடத் தொடங்கிய எலும்பைச் சரிசெய்வது கஷ்டம்.

ஸ்லிங் எத்தனை நாள்?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். வலிக்குதேன்னு மாசக்கணக்கில் கையைத் தொங்கவிட்டால் எலும்பு கூடும், தோள் இறுகிவிடும். ஸ்லிங் பொதுவாக 2-3 வாரம்தான். விரல், மணிக்கட்டை முதல் நாளிலிருந்தே அசைக்கலாம். வலி குறையக் குறைய, டாக்டர் சொன்னதும், குனிந்து கையை ஊஞ்சல் போல ஆட்டும் பயிற்சி தொடங்கும். ஆபரேஷன் செய்தவர்களுக்கும் பிசியோதெரபி உண்டு. எடை தூக்குவது எலும்பு கூடிய பிறகுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு மூச்சுத்திணறல் வந்தாலோ, கை மரத்துப்போனாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.