நடுக்கூடம் ஊராருடையது

இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷரில் யார்ப்போல் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள புனித லியோனார்ட் தேவாலயத்துக்குள் 2009-இல் கடையும் தபால் நிலையமும் வந்தன. தபால்தலை வாங்க வரும் முதியவருக்குப் பேச்சுத்துணையும் கிடைக்கிறது. ஆலயத்தைச் சந்தையாக்குவதா என்று கேட்பவர்கள் வரலாற்றைப் பாதியிலிருந்து படிக்கிறார்கள். இடைக்கால வழக்கப்படி, பீடம் இருக்கும் கிழக்குப் பகுதியைப் பழுதுபார்ப்பது பங்குக்குருவின் கடமை. மக்கள் கூடும் நடுக்கூடத்தின் கூரை ஒழுகினால் செலவு ஊராருடையது. அந்தப் பணத்துக்காகவே 'சர்ச் ஏல்' என்ற விருந்து நடந்தது. ஆலயத்தின் பேரில் பீர் காய்ச்சி, பெந்தெகொஸ்தே திருநாளையொட்டி விற்று, ஆடிப்பாடினார்கள். டெவன் பகுதியில் இதற்கென்றே கட்டிய 'சர்ச் ஹவுஸ்'கள் சில இன்று மதுக்கடைகளாக இருக்கின்றன, பொருத்தம்தான். பியூரிட்டன் எனப்பட்ட தூய்மைவாதிகளின் எதிர்ப்பில் 17-ஆம் நூற்றாண்டில் இந்த விருந்து வழக்கம் தேய்ந்தது.

அது நிதி திரட்டல்தானே, தனிமையைப் போக்கவா செய்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அன்று பொதுவயலும் அறுவடையும் ஆட்களைத் தாமே கூட்டின; தனிமைக்கென்று ஒரு திட்டம் தேவைப்படவில்லை. இன்று பல ஊர்களில் கடை, பள்ளி, பேருந்து எல்லாம் போய்விட்டன. 2018-இல் பிரிட்டிஷ் அரசு தனிமைக்கென ஓர் அமைச்சரையே நியமித்தது. இத்தகைய ஊர்களில் எஞ்சிய பெரிய கூரை பெரும்பாலும் ஆலயத்துடையது. வேற்றுமதத்தவரும் நம்பிக்கையற்றவரும் உள்ளே வரத் தயங்குவார்கள் என்ற மறுப்பு மட்டும் எளிதில் தீராது. கடைக்கு வருபவரிடம் யாரும் ஜெபம் கேட்பதில்லை என்றாலும் தயக்கம் தயக்கம்தான். ஊர்மன்றம் நன்றாக நடக்கும் இடத்தில் ஆலயம் அதனோடு போட்டியிட வேண்டியதில்லை.