இல்லம் தேடிச் சென்ற மருத்துவம்

நோயாளி மருத்துவரை நாடிச் செல்வதா, மருத்துவம் நோயாளியின் வாயிலுக்கு வருவதா என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. அதற்கு உலகம் மதித்து ஏற்ற விடையொன்று நமது சென்னையிலேயே கிடைத்தது என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் காசநோய்க்கு அஞ்சாதவர் இல்லை. நல்ல காற்றும் சத்துணவும் ஓய்வும் பெறச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்குவதே சிகிச்சை எனக் கருதினர். 1928இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் நிறுவியதும் அத்தகையதே. ஆனால் நோயாளர் இலட்சக்கணக்கினர், படுக்கைகளோ ஆயிரக்கணக்கின. இடம் கிடைக்காத ஏழையின் கதி யாது?

இதனை ஆராய 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை கூடிச் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு நிலையத்தைத் தொடங்கின. டாக்டர் வாலஸ் பாக்ஸ் அதனை வழிநடத்தினார். ஏழை நோயாளிகள் 193 பேரில் ஒரு பகுதியினர் சானடோரியத்திலும், மற்றவர் தம் வீட்டிலும் ஒரே மருந்துகளை உண்டனர். 1959இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. நெருக்கமான வீட்டில், குறைந்த உணவுடன் வாழ்ந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு நலம் பெற்றனர். உடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவில்லை.

இவ்வெற்றிக்கு மருந்து மட்டும் காரணமன்று. சுகாதாரப் பணியாளர் முன்னறிவிப்பின்றி வீடு சென்று, எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். ‘வீட்டுச் சிகிச்சை’ என்பது நோயாளியை வீட்டில் விட்டுவிடுவதன்று; அவரை விடாது தொடர்வதாகும். 1962இல் வகுக்கப்பெற்ற தேசியக் காசநோய்த் திட்டம் இவ்வடிப்படையிலேயே எழுந்தது.

இன்றைய திருவள்ளூர் மாவட்டப் பகுதிக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வுக்காகப் பணியாளர்கள் இவ்வட்டாரத்துச் சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்றனர். மக்களின் நலத்தைப் பதினைந்து ஆண்டுகள் கண்காணித்தனர்.

காலம் மாறிற்று. இன்று முதியோரை வாட்டுவன சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் பக்கவாதமும். இவை குணமாகி நீங்குவனவல்ல. ஆயுள் முழுதும் உடன் வருவன. ஆகவே தொடர்தலும் ஆயுள் முழுதும் வேண்டும். அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்புப் பணி, பின்னர் ஊர்மக்களே தொண்டராகி அக்கம்பக்கத்து நோயாளரைப் பேணும் இயக்கமாக வளர்ந்தது. 2008இல் அம்மாநில அரசு அதற்கெனக் கொள்கையே வகுத்தது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. மகளிர் தன்னார்வலர் வீட்டிற்கே மாத்திரை கொணர்கின்றனர். படுத்த படுக்கையானோரைச் செவிலியரும், உடலியக்கப் பயிற்சி அளிப்போரும் கண்டு வருகின்றனர்.

கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளை எண்ணிப் பாருங்கள். மகனும் மருமகளும் ஷிப்டு வேலைக்குச் சென்றபின், முதியவர் தனித்திருக்கும் வீடுகள் உண்டு. மாத்திரை அலமாரியில் இருக்கும்; எடுத்துக் கொடுக்க ஆள் இராது. எப்போதோ ஒருமுறை வரும் பணியாளர் அந்த இடைவெளியை முற்றும் நிரப்ப இயலாது. அதனை நிரப்ப வேண்டியவர் அண்டை வீட்டார். அவர்களுள் படித்த இளைஞர்களாகிய நீங்களும் அடங்குவீர்கள். சீட்டைப் படித்துச் சொல்வதும், மாத்திரை குறைந்துள்ளதா என்று எண்ணிப் பார்ப்பதும் பெரும் படிப்பை வேண்டுவன அல்ல. சேத்துப்பட்டு ஆய்வு உலகிற்குக் கற்பித்தது அந்த எளிய பணியின் வலிமையையே.